ஐஸ் ஹாக்கியில் மூத்தவரும் இளையவரும்

ஹாக்கி என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் நாட்டினர் எவருக்கும் விரிந்த மைதானமும், வளைந்த மட்டையும், தயான் சந்தின் பெயருமே நினைவுக்கு வரும். ஆனால் உலகின் குளிர்ப் பிரதேசங்களில், முக்கியமாகக் கனடாவில், ஹாக்கி என்றால் அது பனிக்கட்டித் தளத்தின் மீது ஆடப்படும் ஆட்டமே ஆகும். நம் நாட்டிலும் லடாக்கில் குளிர்காலத்தில் உறைந்து கிடக்கும் நீர்நிலைகளின் மீது ஆண்களும் பெண்களும் இதனை ஆடி வருகின்றனர். அங்கே பந்துக்குப் பதிலாகக் கறுத்த ரப்பர் வில்லை ஒன்று இருக்கும். ஆடுவோர் ஓடுவதில்லை; காலில் கட்டிய எஃகு அலகுகளின் மேல் நின்று வழுக்கிச் செல்வர். அவர்தம் வேகத்தைக் கண்டால் நம் கண்களை நாமே நம்புவது கடினம்.

இவ்வாட்டத்தின் விதிகளை விளக்குவது இன்று என் நோக்கமன்று. இதனைச் சுற்றி நெடுங்காலமாக நடந்து வரும் ஒரு வழக்கைப் பற்றியே பேச எண்ணுகிறேன். ஆட்டம் முடிய ஒரு நிமிஷமே இருக்கிறது. நம் அணி ஒரு கோல் முன்னணியில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பயிற்சியாளர் பெஞ்சின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை பார்வையைச் செலுத்துகிறார். அங்கே மின்னல் போன்ற கால்களும், நுட்பமான கைகளும் படைத்த இருபது வயது இளைஞர் ஒருவர் துடித்துக்கொண்டு அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பக்கத்தில், வேகம் குறைந்து, முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு, முப்பத்தைந்து வயதான ஒருவர் அமைதியாக இருக்கிறார். பயிற்சியாளர் மூத்தவரின் தோளைத் தட்டுகிறார். இளைஞர் இருந்த இடத்திலேயே இருக்கிறார். அரங்கத்தில் ஆயிரக்கணக்கானோர் முணுமுணுக்கின்றனர். இது பனித்தளங்களில் இரவுதோறும் காணும் காட்சி.

பயிற்சியாளர் செய்வது சரியா? அனுபவத்தின் மீது அவர் வைக்கும் நம்பிக்கை அறிவின்பாற்பட்டதா, அன்றி அச்சத்தின்பாற்பட்டதா? இதுவே நம்முன் உள்ள கேள்வி.

இதற்கு விடை காண, முதலில் ஆட்டநேரம் எவ்வாறு பங்கிடப்படுகிறது என்பதை அறிய வேண்டும். வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகில் ஓர் ஆட்டம் இருபது நிமிஷம் கொண்ட மூன்று பகுதிகளாக, 60 நிமிஷம் நடைபெறும். தளம் 200 அடி நீளமும் 85 அடி அகலமும் கொண்டது. ஓர் அணியில் கோல் காப்பாளரைத் தவிர ஐவர் மட்டுமே ஒரு நேரத்தில் ஆடுவர். பெஞ்சிலோ மேலும் பதின்மூவர் காத்திருப்பர். முழு வேகத்தில் சறுக்குவோர் முக்கால் நிமிஷத்துக்குள் மூச்சுத் திணறிப் போவதால், அவர்கள் முறைவைத்துக்கொண்டு ஏறி இறங்குவர். இதற்கு நடுவர் ஊதி ஆட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை. ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போதே ஒருவர் வேலியைத் தாண்டி உள்ளே வர, மற்றொருவர் தளத்தில் குதிப்பார்.

இங்கே ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஐவருக்கு 60 நிமிஷம் என்றால் மொத்தம் 300 நிமிஷம் ஆகிறது. இதனைப் பதினெட்டுப் பேருக்குச் சமமாகப் பங்கிட்டால் ஆளுக்கு ஏறக்குறைய பதினாறே முக்கால் நிமிஷம் வரும். ஆனால் பங்கீடு ஒருபோதும் சமமாக நடப்பதில்லை. முதன்மையான பின்வரிசை ஆட்டக்காரர் 25 நிமிஷம் ஆடுவதும், நான்காம் வரிசையில் உள்ள இளைஞர் எட்டு அல்லது பத்து நிமிஷம் ஆடுவதும் சாதாரணம். அந்தப் பத்து நிமிஷங்களும் ஆட்டத்தின் போக்கைத் தீர்மானிக்காத நிமிஷங்களாகவே இருப்பதுண்டு. ஆகவே பயிற்சியாளரின் கையில் உள்ள செல்வம் நேரமேயாகும். அதனை யாருக்கு எப்பொழுது அளக்கிறார் என்பதைக் கொண்டே அவர் யாரை நம்புகிறார் என்பதை அறியலாம்.

இனி, மூத்தவர்கள் பக்கம் அந்த அளவை சாய்வதற்கான காரணங்களை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதற் காரணம் ஆட்டத்தின் இயல்பிலேயே இருக்கிறது. தேசிய லீகில் ஓர் அணி ஓர் ஆட்டத்தில் போடும் கோல்கள் சராசரியாக மூன்று என்ற அளவிலேயே இருக்கின்றன. அறுபது நிமிஷத்தில் மூன்று கோல்தான் என்னும்போது, ஒரே ஒரு தவறு ஒரு வெற்றியையே பறித்துவிடக்கூடும். கோல் போடும் திறமை பெரும்பாலும் பிறவியிலேயே அமைகிறது. கோல் விழாமல் காக்கும் திறமையோ கற்றுத்தான் வரவேண்டும். இளைஞர் சங்கங்களில் ஆடும்பொழுது திறமைசாலியான ஒருவரிடமே வில்லை எப்பொழுதும் இருக்கும். எதிரியின் கோலை நோக்கிச் செல்வது ஒன்றே அவர் பழகிய பாடம். வில்லை தம்மிடம் இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும், யாரை மறிக்க வேண்டும் என்று எண்ணிப் பார்க்க அவருக்கு அவசியமே ஏற்பட்டதில்லை.

அத்தகைய இளைஞர் பெரிய லீகில் காலடி வைத்ததும் என்ன நேர்கிறது? தளத்தின் குறுக்கே இரண்டு நீலக்கோடுகள் உண்டு. எதிரியின் நீலக்கோட்டை நெருங்கும்பொழுது, எதிரே நிற்கும் காப்பாளரை ஏமாற்றிக் கடந்துவிடலாம் என்று அவர் முயல்கிறார். இளைஞர் சங்கத்தில் பத்துக்கு எட்டு முறை பலித்த வித்தை அது. இங்கே நிற்பவரோ அந்த வித்தையை ஆயிரம் முறை கண்டவர். வில்லை பறிபோகிறது, முன்னேறிச் சென்ற மூவரும் திரும்புவதற்குள் எதிரிகள் நம் கோலுக்கு எதிரே நிற்கின்றனர். அதே இடத்தில் மூத்தவர் என்ன செய்வார்? வழி அடைபட்டிருப்பதைக் கண்டதும் வில்லையை எதிரியின் மூலைக்குத் தள்ளிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்புவார். பார்ப்பவருக்கு அதில் சுவை ஒன்றுமில்லை. பயிற்சியாளருக்கோ அதுவே நிம்மதி.

ஆள் மாறும் வேளை இதனினும் நுட்பமானது. இரண்டாம் பகுதியில் அணிகள் பக்கம் மாறிக்கொள்வதால், ஒவ்வோர் அணிக்கும் தன் கோலிலிருந்து தன் பெஞ்சு தூரமாகிவிடுகிறது. அப்பொழுது களைத்துப்போன ஒருவர் காலமறியாமல் பெஞ்சை நோக்கித் திரும்பினால், அவர் விட்டுச்சென்ற இடம் திறந்த கதவாகிவிடும். மற்றொன்றும் உண்டு. நெருக்கடியில் சிக்கியவர்கள் தம் பாதியிலிருந்தே வில்லையை எதிரியின் கோல்கோட்டுக்கு அப்பால் அடித்துவிட்டால் ஆட்டம் நிறுத்தப்படும். 2005ஆம் ஆண்டில் வந்த விதியின்படி, அவ்வாறு அடித்த அணி உடனே ஆள்களை மாற்றிக்கொள்ள முடியாது. களைத்த ஐவரே மீண்டும் நின்று போராட வேண்டும். இவையெல்லாம் எந்தப் பத்திரிகையின் புள்ளிப் பட்டியலிலும் இடம்பெறாத சிறு காரியங்கள். ஆனால் இச்சிறு காரியங்களைப் பிழையின்றிச் செய்பவரே பயிற்சியாளரின் கண்ணுக்குப் பெரியவராகத் தோன்றுகிறார்.

இரண்டாவது காரணம், மூத்தவரிடம் எதனை எதிர்பார்க்கலாம் என்பது முன்கூட்டியே தெரிந்திருத்தல். இளைஞரின் மிகச் சிறந்த ஆட்டம் மூத்தவரின் மிகச் சிறந்த ஆட்டத்தை விஞ்சக்கூடும். ஆனால் அவருடைய மிக மோசமான ஆட்டம் எந்த ஆழத்துக்குப் போகும் என்பதை எவரும் அறியார். மூத்தவரின் உயரமும் தாழ்வும் பல்லாண்டுகளாகக் கண்டறியப்பட்டவை. தாம் பின்தங்கி இருக்கும்போது துணிச்சலையும், முன்னணியில் இருக்கும்போது உறுதியையும் நாடுவது மனித சுபாவம். ஆதலின், ஒரு கோலைக் காப்பாற்ற வேண்டிய வேளையில் பயிற்சியாளர் தேடுவது மிகச் சிறந்த ஆட்டக்காரரை அன்று. தம்மைத் திடுக்கிட வைக்காத ஆட்டக்காரரையே அவர் தேடுகிறார்.

மூன்றாவது காரணம் வெளிப்படையாகப் பேசப்படாதது. அது பயிற்சியாளரின் சொந்த நாற்காலி. தேசிய லீகில் பயிற்சியாளர் பதவியைப் போல் நிலையற்றது வேறொன்று இருப்பது அரிது. பருவத்தின் நடுவிலேயே சிலர் நீக்கப்படுவது ஆண்டுதோறும் காணும் செய்தி. இளைஞர் ஒருவருக்கு இன்று அதிக நேரம் கொடுத்தால், அவர் செய்யும் பிழைகளின் விலையை இன்றைய பயிற்சியாளர் செலுத்துகிறார். இரண்டாண்டு கழித்து அவர் முதிர்ந்து தரும் பலனை அடுத்து வரும் பயிற்சியாளர் அனுபவிக்கிறார். சங்கத்தை நிர்வகிப்பவர் ஐந்தாண்டுக்கு அப்பால் நோக்குகிறார். பயிற்சியாளரோ இன்றிரவைக் கடந்தாக வேண்டும். ஒருவர் மாங்கன்று நடச் சொல்கிறார். மற்றவர் இன்றைய சோற்றுக்கு ஊறுகாய் தேடுகிறார். இருவரும் தத்தம் நிலையில் நியாயமானவர்களே.

நான்காவது காரணம் ஒப்பந்தச் சட்டங்களைச் சார்ந்தது. புதிதாக வந்த இளைஞர்களை, வேறு சங்கங்கள் உரிமை கோருமோ என்ற கவலையின்றிச் சிறிய லீகுக்கு அனுப்பிவைக்க விதிகள் இடமளிக்கின்றன. பல்லாண்டு ஆடிய ஒருவரை அவ்வாறு அனுப்ப முயன்றாலோ, வேறு எந்தச் சங்கம் வேண்டுமானாலும் அவரை எடுத்துக்கொண்டு போய்விடலாம். மேலும் பதினெட்டு, பத்தொன்பது வயதுடைய ஒருவர் ஒரு பருவத்தில் பத்து ஆட்டங்களுக்குக் குறைவாக ஆடியிருந்தால் அவருடைய முதல் ஒப்பந்தம் ஓராண்டு தள்ளிப் போகும். ஆகவே ஒன்பது ஆட்டங்கள் வரை ஆடவைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பும் வழக்கமும் உண்டாயிற்று. இருவரில் ஒருவரை ஒதுக்கியே ஆகவேண்டும் என்னும்போது, செலவில்லாமல் ஒதுக்கத்தக்கவர் இளைஞரே என்றாகிறது.

இதுவரை கூறியவற்றைக் கேட்டால் பயிற்சியாளரின் பக்கமே நியாயம் என்று தோன்றும். மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும்.

கால்களின் வேகம் அனுபவத்துக்காகக் காத்திருப்பதில்லை. முன்வரிசையில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் தம் இருபதுகளின் நடுப்பகுதியிலேயே கோல் போடும் ஆற்றலின் உச்சியில் நிற்கின்றனர். முப்பதைக் கடந்தபின் இறக்கமே. 2004-05ஆம் ஆண்டுப் பருவம் முழுவதும் ஊதியத் தகராற்றினால் நடைபெறாமல் போயிற்று. அதன் பின் ஆட்டம் மீண்டும் தொடங்கியபொழுது, எதிரியை மட்டையால் கொக்கி போட்டு இழுப்பதும், கைகளால் பற்றித் தடுப்பதும் கடுமையாகத் தண்டிக்கப்பட்டன. மெதுவாகச் சறுக்கும் மூத்தவர் இளைஞரைத் தடுத்து நிறுத்தப் பயன்படுத்திய உபாயங்கள் பல இவ்வாறு கையை விட்டுப் போயின. அதே சமயத்தில், ஒரு சங்கம் சம்பளத்துக்குச் செலவிடும் தொகைக்கு உச்சவரம்பும் வந்தது. குறைந்த சம்பளத்தில் நன்கு ஆடும் இளைஞர் ஒருவர் கிடைத்தால் மிச்சமாகும் பணத்தை வேறு இடத்தில் செலவிடலாம் என்ற நிலை உண்டாயிற்று. இளமைக்கு மதிப்பு உயர்ந்தது.

அசாதாரணத் திறமையை எந்தப் பயிற்சியாளரும் காக்க வைப்பதில்லை என்பதும் உண்மை. வெயின் கிரெட்ஸ்கி 1979இல் தம் பதினெட்டாம் வயதில் தேசிய லீகில் நுழைந்து, முதற் பருவத்திலேயே 137 புள்ளிகள் எடுத்தார். 2019 ஏப்ரலில் கேல் மக்கார் என்ற இருபது வயது மாணவர், கல்லூரி அணிக்கு ஆடி முடித்த கையோடு கொலராடோ அணியில் சேர்க்கப்பட்டுக் கோப்பைச் சுற்றின் நடுவிலேயே முதல் ஆட்டத்தில் இறக்கப்பட்டார். அன்றே கோலும் போட்டார். மேதைகளுக்குக் கதவு தானே திறந்துகொள்கிறது. துன்பம் யாருக்கு என்றால், மேதையும் அல்லாமல் திறமையற்றவரும் அல்லாமல் நடுவில் நிற்கும் பெரும்பான்மை இளைஞர்களுக்கே.

அவர்கள் விஷயத்தில் ஒரு நுட்பமான அநீதி நிகழ்கிறது. மூத்தவர் ஒருவர் வில்லையைத் தவறவிட்டுக் கோல் விழுந்தால், 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று கூறி அடுத்த முறையும் அவரையே இறக்குகின்றனர். அதே தவற்றை இளைஞர் செய்தால், 'இளங்கன்று பயமறியாது' என்று கூறிப் பெஞ்சில் அமர்த்திவிடுகின்றனர். தவறு ஒன்று, பழமொழி இரண்டு. மூத்தவரின் பிழை ஒரு விபத்தாகவும், இளைஞரின் பிழை அவருடைய குணமாகவும் கணக்கில் எழுதப்படுகிறது. இப்படி அமர்த்தப்பட்ட இளைஞர் மறுமுறை தளத்தில் இறங்கும்போது, கோல் போட வேண்டும் என்ற எண்ணத்தோடு இறங்குவதில்லை. பிழை செய்யக்கூடாது என்ற நடுக்கத்தோடு இறங்குகிறார். நடுங்கும் கைகள் வில்லையை மீண்டும் தவறவிடுகின்றன. 'நான் சொன்னேன் அல்லவா?' என்கிறார் பயிற்சியாளர். அனுபவம் இல்லை என்பதால் வாய்ப்பு இல்லை. வாய்ப்பு இல்லை என்பதால் அனுபவம் இல்லை. நீரில் இறங்காமல் நீச்சல் கற்று வா என்பது போன்றதே இது.

இழப்பதற்கு ஒன்றும் இல்லாத வேளையில் இந்த வட்டம் எவ்வாறு உடைகிறது என்பதற்கு அண்மைக் காலத்து உதாரணம் ஒன்று உண்டு. செயின்ட் லூயிஸ் நகரத்தின் புளூஸ் அணி 2018 நவம்பரில் தன் பயிற்சியாளரை நீக்கியது. கிரெய்க் பெருபே தற்காலிகமாகப் பொறுப்பேற்றார். 2019 ஜனவரி தொடக்கத்தில் அந்த அணி லீகிலேயே கடைசி இடத்தில் கிடந்தது. அப்பொழுது ஜோர்டன் பின்னிங்டன் என்ற கோல் காப்பாளர் முதல் முறையாக ஓர் ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்தே நிறுத்தப்பட்டார். 2011இலேயே சங்கத்தால் தேர்ந்தெடுக்கப்பட்டு, சிறிய லீகுகளில் ஆண்டுகளைக் கழித்து, இருபத்தைந்து வயதை எட்டிவிட்டவர் அவர். அன்று ஒரு கோலும் விழவில்லை. அவரையே முன்னிறுத்தி மேலேறிய அணி, அவ்வாண்டு ஜூன் மாதத்தில் ஸ்டான்லி கோப்பையை வென்றது. பின்னிங்டன் ஒரே இரவில் திறமைசாலியாகிவிடவில்லை. அணி முன்னணியில் இருந்திருந்தால் அந்தக் கதவு அன்று திறந்திருக்குமா என்பதே கேள்வி.

இருபக்கத்து நியாயமும் ஒரே ஆண்டில், ஒரே பயிற்சியாளரின் தலைமேல் வந்து விழுந்த வரலாறு ஒன்றும் உண்டு. அது 1971ஆம் ஆண்டில் மான்ட்ரியால் கனேடியன்ஸ் அணியில் நடந்தது.

அப்பருவத்தில் அவ்வணியின் பயிற்சியாளர் அல் மக்நீல். கோப்பைச் சுற்றில் அவர்கள் முதலில் சந்திக்க வேண்டியிருந்தது, முந்திய ஆண்டு கோப்பையை வென்ற பாஸ்டன் அணியை. அதில் பாபி ஓர் இருந்தார். அப்பருவத்தில் 76 கோல்கள் போட்ட பில் எஸ்பொசிட்டோ இருந்தார். மான்ட்ரியாலுக்கோ, முன்பே கோப்பை வென்ற அணியில் ஆடிய ரோகி வஷான் என்ற கோல் காப்பாளர் இருந்தார். ஆனால் மக்நீல் அவரை நிறுத்தவில்லை. சட்டக் கல்லூரி மாணவராகவும் இருந்த கென் டிரைடன் என்ற இருபத்து மூன்று வயதினரை நிறுத்தினார். அதுவரை தேசிய லீகில் டிரைடன் ஆடியிருந்தவை ஆறே ஆட்டங்கள்.

முதலாட்டத்தில் தோல்வி. இரண்டாம் ஆட்டத்தில் பாஸ்டன் ஐந்து கோல்கள் போட்டு 5-1 என்று முன்னணியில் நின்றது. பெரும்பாலான பயிற்சியாளர்கள் இந்த இடத்தில் இளைஞரை வெளியே அழைத்துக்கொண்டிருப்பர். எவரும் குறை கூறியிருக்கமாட்டார்கள். மக்நீல் டிரைடனை அங்கேயே விட்டு வைத்தார். மான்ட்ரியால் அந்த ஆட்டத்தை 7-5 என்று வென்றது. ஏழு ஆட்டங்கள் கொண்ட அத்தொடரையும் வென்றது. பின்பு இறுதிச் சுற்றுக்கும் வந்துவிட்டது.

இறுதிச் சுற்றில் எதிரி சிகாகோ. இங்கே இதே மக்நீல் வேறொரு முடிவைச் செய்தார். அணியில் ஆன்ரி ரிஷார் என்ற மூத்த ஆட்டக்காரர் இருந்தார். வயது முப்பத்தைந்து, அதற்குள் ஒன்பது முறை ஸ்டான்லி கோப்பையை வென்றவர். ஐந்தாம் ஆட்டத்தில் அவரை மக்நீல் பெஞ்சில் அமர்த்தினார், அணியும் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் ரிஷார் பத்திரிகையாளர்களிடம், தாம் கண்ட பயிற்சியாளர்களிலேயே திறமையற்றவர் இவர்தான் என்ற பொருள்படக் கடிந்துரைத்தார். ரிஷார் பிரெஞ்சு மொழியினர். மக்நீல் ஆங்கிலம் மட்டுமே பேசுபவர். ஆகவே விளையாட்டுச் சண்டை மொழிச் சண்டையாகவும் மாறியது. பயிற்சியாளருக்குக் கொலை மிரட்டல்கள் வந்தன.

மே மாதம் 18ஆம் நாள் சிகாகோவில் ஏழாம் ஆட்டம். சிகாகோ 2-0 என்று முன்னணி பெற்றது. ஜாக் லமேர் தொலைவிலிருந்து அடித்த வில்லை எதிர்பாராமல் கோலாயிற்று. அடுத்து ஆட்டத்தைச் சமன் செய்த கோலைப் போட்டவர் ரிஷார். மூன்றாம் பகுதியில் வெற்றிக் கோலைப் போட்டவரும் அவரே. அதன்பின் எஞ்சிய நிமிஷங்களில் சிகாகோவின் தாக்குதல்களையெல்லாம் தடுத்து நின்றவர், ஆறு ஆட்ட அனுபவத்தோடு வந்த டிரைடன். கோப்பை மான்ட்ரியாலுக்குப் போயிற்று. கோப்பைச் சுற்றின் தலைசிறந்த ஆட்டக்காரருக்கான பரிசு டிரைடனுக்குக் கிடைத்தது. அறிமுக ஆட்டக்காரருக்கான பரிசு அவருக்கு அதற்கு மறு ஆண்டில்தான் வந்தது என்பது ஒரு வேடிக்கை. மக்நீலோ கோப்பையை வென்ற பின்னரும் அப்பதவியில் நீடிக்கவில்லை. அடுத்த பருவத்தில் சங்கத்தின் துணை அணிக்குப் பயிற்சியளிக்கச் சென்றுவிட்டார்.

இவ்வரலாறு நமக்குக் கூறுவது யாது? இளைஞரை நம்பியது சரியாயிற்று. மூத்தவரை நம்பாதது தவறாயிற்று. ஆயினும் 'இளைஞரை நம்பு' என்றோ, 'மூத்தவரை நம்பு' என்றோ ஒரு பொது விதியை இதிலிருந்து எடுக்க இயலாது. டிரைடன் என்ற மனிதரையும், ரிஷார் என்ற மனிதரையும் எடைபோட வேண்டியிருந்தது. வயது அந்த எடைக்கல் அன்று. வயதைக் கொண்டு ஆளை அளப்பது, ஆளை அளக்கும் சிரமத்திலிருந்து தப்பித்துக்கொள்ளும் வழியே ஆகும்.

சிறந்த பயிற்சியாளர்கள் இதனை உணர்ந்திருந்தனர். தலைமைப் பயிற்சியாளராக ஒன்பது முறை ஸ்டான்லி கோப்பையை வென்ற ஸ்காட்டி போமனைவிட மூத்தவர்களை நம்பியவர் குறைவு. 2002இல் அவர் நடத்திய டெட்ராய்ட் அணியில் கிறிஸ் செலியோஸுக்கு வயது நாற்பது. இகோர் லாரியானவுக்கு நாற்பத்தொன்று. இறுதிச் சுற்றின் மூன்றாம் ஆட்டம் கூடுதல் நேரத்தின் மூன்றாம் பகுதி வரை நீண்டபோது, அதனை முடித்து வைத்த கோல் அந்த நாற்பத்தொரு வயது மனிதரின் மட்டையிலிருந்து வந்தது. ஆனால் அதே அணியில் பவெல் தட்சுயுக் என்ற இருபத்து மூன்று வயது அறிமுக ஆட்டக்காரரும் இருந்தார். போமன் அவரைப் பெஞ்சின் கோடியில் மறந்துவிடவில்லை. புகழ்பெற்ற கோல் வல்லுநர் பிரெட் ஹல் என்ற மூத்தவரோடு ஒரே வரிசையில் ஆடவைத்தார். மூத்தவரின் பக்கத்தில் நின்று ஆடும் இளைஞர், பத்து வகுப்புகளில் கற்க இயலாததை ஒரு முறைக்குள் கற்றுக்கொள்கிறார். பிழை நேர்ந்தாலும் மூடுவதற்கு ஆள் இருக்கிறது. தட்சுயுக் பிற்காலத்தில், தற்காப்பில் சிறந்த முன்வரிசை ஆட்டக்காரருக்கான செல்கி பரிசை மூன்று முறை வென்றார்.

அவ்வணியின் தலைவர் ஸ்டீவ் ஐசர்மனின் கதையும் இங்கே நினைக்கத்தக்கது. 1988-89ஆம் பருவத்தில் அவர் 155 புள்ளிகள் எடுத்த மாபெரும் கோல்வீரர். ஆனால் கோப்பை கைக்கு வரவில்லை. 1993இல் போமன் வந்தபின், தம் கோல்களில் சிலவற்றைத் தியாகம் செய்து தற்காப்பைக் கற்றுக்கொண்டார். 1997இல் கோப்பை வந்தது. 2000இல் அதே செல்கி பரிசும் வந்தது. பயிற்சியாளர்கள் நம்பும் 'மூத்தவர்' என்பவர் வயதினால் தானே உண்டாகி வருபவர் அல்லர். யாரோ ஒருவர் நேரமும் பொறுமையும் செலவிட்டு ஆக்கியவரே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

பனித்தளத்தை நான் கண்டது படக்காட்சிகளில் மட்டுமே. எனினும் இந்த வழக்கு எனக்கு அந்நியமாகத் தோன்றவில்லை. நான் பணிபுரியும் மொழிபெயர்ப்புப் பிரிவில், மாலைக்குள் முடிக்கவேண்டிய அவசரக் காகிதம் வந்தால் அது எப்பொழுதும் மூத்தவர் ஒருவரின் மேசைக்கே போகும். புதிதாகச் சேர்ந்த இளைஞருக்கு நான் கொடுத்து வந்தது, எவரும் அவசரமாகக் கேட்காத ஆண்டறிக்கைப் பகுதிகளையே. அவர் ஒருமுறை ஒரு சட்டச் சொல்லைத் தவறாகப் பெயர்த்துவிட்டார் என்பதே அதற்கு நான் எனக்குக் கூறிக்கொண்ட காரணம். அதே சொல்லை நானும் முன்னொரு காலத்தில் தவறாகப் பெயர்த்ததும், என் மேலதிகாரி திருத்திக் கொடுத்துவிட்டு மறுநாளே மற்றோர் அவசரக் காகிதத்தை என்னிடம் நீட்டியதும் மிகத் தாமதமாகவே என் நினைவுக்கு வந்தன. அந்த இரண்டாவது காகிதம் இல்லையேல் நான் இன்று மூத்தவன் ஆகியிருக்கமாட்டேன்.

ஆகவே நேயர்களே, கடைசி நிமிஷத்தில் ஒரு கோலைக் காக்க மூத்தவரை இறக்கும் பயிற்சியாளரை நாம் பழிக்க வேண்டியதில்லை. அந்த நிமிஷத்துக்கு அதுவே தக்க முடிவாக இருக்கலாம். ஆனால் மற்ற ஐம்பத்தொன்பது நிமிஷங்களையும் அவர் எவ்வாறு அளந்தார் என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு. முன்னணி மூன்று கோலாக இருந்தபோது இளைஞர் எங்கே இருந்தார்? பிழை செய்த மறுமுறை அவர் மீண்டும் இறக்கப்பட்டாரா? அவருக்குப் பக்கத்தில் யார் ஆடினார்? நம்பிக்கை என்பது உழைத்து ஈட்டவேண்டிய கூலி என்று மூத்தவர்கள் கூறுவதுண்டு. அதில் பாதி உண்மை உண்டு. மற்றப் பாதி யாதெனில், அது முதலில் கடனாகக் கொடுக்கப்பட வேண்டியது. இன்று பெஞ்சில் அமர்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருக்கும் மூத்தவரும் ஒரு காலத்தில் அக்கடனைப் பெற்றவரே. பெற்றவர் திருப்பிச் செலுத்துவது கொடுத்தவருக்கு அன்று. தமக்குப் பின் வருபவருக்கே.